முகம் பார்க்க வேண்டியவர்கள்

பெங்களூர் விவேக் நகரில் லூர்துமேரி குடியிருந்த தெருவில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், அந்த வீட்டுக்காரர்களுக்கு அழுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. மற்றதையெல்லாம் அன்பியம் பார்த்துக்கொள்ளும். அன்பியம் என்பது அந்தத் தெருவின் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டில் கூடிச் செபிக்கும் குழு. சேர்ந்திருப்பவை பல குடும்பங்கள் என்றாலும், காரியம் என்று வந்தால் அன்பியம் என்பது லூர்துமேரிதான். கோயிலுக்குத் தகவல் சொல்வது, பெட்டி கொண்டுவரச் சொல்வது, கல்லறையில் குழிக்கு ஏற்பாடு செய்வது, உடலைக் குளிப்பாட்ட ஆள் கூப்பிடுவது, வருகிறவர்களுக்குக் காபி, துக்க வீட்டுக் குழந்தைகளுக்குப் பக்கத்து வீட்டில் இட்லி என்று அவள் கால் படாத இடம் இராது.

பெட்டியை மூடுவதற்கு முன் அவள் வாசலுக்கு வந்து நின்று, “முகம் பாக்க வேண்டியவங்க இன்னும் யாராச்சும் இருக்காங்களா?” என்று சத்தமாகக் கேட்பாள். தெருவே ஒரு நிமிடம் அமைதியாகும். யாரும் வாய் திறக்காவிட்டால்தான் மூடி வைப்பார்கள். அவள் ஏற்படுத்திய வழக்கம் அது. நல்ல வழக்கம்தான்.

ஈஸ்டர் முடிந்த சில வாரங்களில் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொன்னார். உடனே ஆபரேஷன், அதன் பிறகு ஒரு மாதம் ஓய்வு. “சிந்துகிட்ட ஒப்படைச்சிட்டு நிம்மதியாப் போங்கம்மா” என்றார் பங்குத்தந்தை. அரக்கோணத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் சிந்து. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் வேலை. இரண்டு வருடங்களாக லூர்துமேரியின் பின்னாலேயே போய், சொன்னதை எடுத்து, சொன்ன இடத்தில் வைத்து வந்தவள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் ஒரு மத்தியானம் சிந்து வீட்டுக்கு வந்தாள்.

“ஆன்ட்டி, முதல்லருந்து ஒரு தடவ சொல்றீங்களா? போன்ல டைப் பண்ணிக்கறேன்.”

“இது இன்னா கேக் செய்ற குறிப்பாம்மா, டைப் பண்ணிக்க? கூடவேதானே இருந்த. பாத்ததுதானே.”

“பாத்தது வேற ஆன்ட்டி. நீங்க மனசுல என்ன வெச்சு செய்யறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க ‘அத எடு’ம்பீங்க, நான் எடுப்பேன். ஏன் எடுத்தேன்னு இன்னி வரைக்கும் தெரியாது.”

“வேலைன்னு வந்தா தன்னால தெரியும். நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் சாக மாட்டாங்க, பயப்படாத” என்று லூர்துமேரி சிரித்தாள். சிந்துவும் சிரித்துவிட்டுப் போனை அணைத்து வைத்தாள்.

சொல்ல வேண்டியது ஒன்று லூர்துமேரியின் வாய் வரை வந்தது. தெருக்கோடி வீட்டு ரெமிஜியஸ் தாத்தா படுத்த படுக்கையாக இருந்தார். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்து, சுரங்கம் மூடிய பிறகு பெங்களூருக்கு வந்தவர். அவருக்கு ஜெனிஃபர் என்று ஒரு மகள் உண்டு. குணசேகர் என்கிற இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு பொம்மனஹள்ளிக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அண்ணன் டெஸ்மண்ட் கட்டளை போட்டிருந்தான். அவன் சம்பளத்தில் நடக்கிற வீடு. தாத்தாவும் அவர் மனைவி விக்டோரியாவும் வாயை மூடிக்கொண்டார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் தாத்தா மெதுவாக லூர்துமேரியின் பக்கம் வந்து, “அவ நல்லா கீறாளா?” என்று மட்டும் கேட்பார். லூர்துமேரி ஜெனிஃபருக்குப் போன் போட்டு விசாரித்து வைத்திருப்பாள். “நல்லா இருக்கா” என்பாள். அவருக்கு அது போதும். தாத்தாவுக்கு ஏதாவது ஆனால் ஜெனிஃபருக்குச் சொல்ல வேண்டியவள் லூர்துமேரி ஒருத்திதான்.

அதை அவள் சிந்துவிடம் சொல்லவில்லை. அடுத்தவர் வீட்டு ரகசியம், நம் வாயால் பரவக் கூடாது என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அந்தக் காரணத்துக்குக் கீழே இன்னொன்று இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டால் தனக்கென்று என்ன மிஞ்சும் என்ற எண்ணம் அது. அதை அவள் அப்போது திரும்பிப் பார்க்கவில்லை. நன்மை செய்கிறவர்களுக்கு வரும் சோதனை பெரும்பாலும் அந்த நன்மையின் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வருகிறது. அதனால் வாசலிலேயே அதன் அடையாளம் தெரிவதில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வார்டில் அடுத்த கட்டிலில் ஸ்ரீராம்புரத்து ஜெயலட்சுமி இருந்தாள். துப்புரவுத் தொழிலாளிகளுக்கு மேஸ்திரி. நர்ஸிடம் கன்னடத்தில் அதட்டுவாள், லூர்துமேரியிடம் தமிழில் வம்பளப்பாள்.

வியாழக்கிழமை காலை, இட்லித் தட்டைக் கையில் எடுக்கும்போது போன் அடித்தது.

“ஆன்ட்டி, ரெமிஜியஸ் தாத்தா விடியக்காலம் போயிட்டாரு.”

லூர்துமேரி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

“நான் அவங்க வீட்லதான் இருக்கேன். இன்னைக்கே எடுத்துடணும்னு டெஸ்மண்ட் அண்ணன் நிக்கறாரு. எதுலருந்து ஆரம்பிக்கட்டும்? யார் யாருக்குச் சொல்லணும்?”

“எப்பவும் பண்றதுதான்மா. உனக்குத் தெரியாததா? பாத்து செய்.”

“இல்ல ஆன்ட்டி, ஒரே ஒரு நிமிஷம்...”

“ட்ரிப்ஸ் ஏத்துறாங்கம்மா. அப்புறம் பேசறேன்.”

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் ஜெயலட்சுமி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரிப்ஸை முந்தின நாளே கழற்றியாகிவிட்டது.

“எங்க ஏத்துறாங்க? என் கண்ணுக்குத் தெரியலயே” என்றாள் ஜெயலட்சுமி.

லூர்துமேரி இட்லியைப் பிய்த்தாள். ஜெனிஃபர் என்ற பெயர் முதல் வார்த்தையிலேயே மனதில் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போகட்டும், சிந்து வழி தெரியாமல் திணறி மறுபடி கூப்பிடுவாள், அப்போது சொல்லலாம் என்று நினைத்தாள். சிந்து மறுபடி கூப்பிட்டாள். லூர்துமேரி எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது. போனைத் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போர்வைமேல் வைத்தாள். இன்னும் ஒரு தடவை கூப்பிடட்டும். தெருவில் நாலு பேர் “லூர்துமேரி இல்லாம ஒண்ணும் நடக்கல பாரு” என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். அவ்வளவுதான் அவள் நினைத்தது. அதற்குள் நர்ஸ் வந்து கட்டு மாற்றினாள், வலிக்கு ஊசி போட்டாள். லூர்துமேரி தூங்கிப்போனாள்.

கண் விழித்தபோது மத்தியானச் சாப்பாட்டு வண்டி வந்துகொண்டிருந்தது. அடுத்த கட்டிலில் ஜெயலட்சுமி யாருக்கோ போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உப்பா? இருக்கற எடத்துல இருக்குது, தேடு.” போனை வைத்துவிட்டு லூர்துமேரியைப் பார்த்துக் கண்ணடித்தாள். “எங்க மருமவ. காலையிலருந்து அஞ்சாறு தடவ பண்ணிட்டா. உப்பு எங்க, புளி எங்க, கேஸ் புக்கு எங்க. சொல்லிடுவேனா? மாமியார் இல்லாட்டி வீடு இன்னா ஆவுதுன்னு தெரியட்டுமே. அங்க அவங்க தவிக்க, இங்க எனக்கு ஊசி வலியே தெரியல.”

“பாவம், சொல்லலாமில்ல?” என்றாள் லூர்துமேரி.

“நீ மட்டும் எடுத்தியா இன்னா, காலையில? போன் குப்புறப் படுத்துக்கினு எப்படி அழுதுச்சு. நீயும் என்ன மாதிரிதான்னு பாத்து எனக்கு ஒரே குஷி.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. ஒரு கூட்டாளியைக் கண்ட சந்தோஷம்தான் இருந்தது. லூர்துமேரிக்கு முகமெல்லாம் சுட்டது. வருடக்கணக்கில் செபம் சொன்ன வாய், திவ்விய நற்கருணை வாங்கிய நாக்கு. அதே நாக்குதான் காலையில் ட்ரிப்ஸ் என்று பொய் சொன்னது. எதற்காக? துக்க வீட்டில் ஒரு சின்னப் பெண் தவிப்பதைக் கேட்பதற்காக.

போனைத் திருப்பினாள். தவறிய அழைப்புகளுக்குக் கீழே சிந்துவின் செய்தி இருந்தது. மூன்று மணிக்குப் பூசை. இரண்டரைக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

முதலில் ஜெனிஃபருக்குப் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. அப்போதுதான் நினைவு வந்தது: அவள் வேலை செய்யும் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் உள்ளே போகும்போதே போனை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள், சாயங்காலம்தான் கொடுப்பார்கள். குணசேகரின் எண் அவளிடம் இல்லை. சிந்துவுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அடித்து அடித்து நின்றது. காலையில் தன் போன் எப்படி அடித்து அடித்து நின்றது என்பதை அவள் இப்போது மறுமுனையிலிருந்து கேட்டாள். மூன்றாவது முறையில் சிந்துவின் குரல் வந்தது. பின்னால் ஒப்பாரிச் சத்தம்.

“இன்னா ஆன்ட்டி, ட்ரிப்ஸ் எறங்கிடுச்சா?”

அந்தக் கேள்வி அவளுக்கு வேண்டியதுதான். வாங்கிக்கொண்டாள்.

“சிந்து, அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும்மா, ஓடு.”

“எந்தப் பொண்ணு? எங்க ஓடறது? இங்க ஆயிரம் பொண்ணு இருக்காங்க ஆன்ட்டி.”

லூர்துமேரி கண்ணை மூடிக்கொண்டாள். இப்போதும் பாதியைத் தன் மனதுக்குள் வைத்துக்கொண்டு பாதியைத்தான் பேசியிருந்தாள். மூச்சை இழுத்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். தாத்தாவுக்கு ஒரு மகள் இருப்பது, பெயர் ஜெனிஃபர், ஏன் அந்த வீட்டில் அவள் பேச்சு கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தா கேட்கிற ஒரு கேள்வி, எல்லாவற்றையும் சொன்னாள்.

“அவ அப்பா முகத்தப் பாக்கணும் சிந்து. மூடி அடைக்கறதுக்குள்ள. அதுதான் வேணும்.”

“சரி. எந்தக் கம்பெனி?”

சொன்னாள். பொம்மனஹள்ளி சிக்னல் தாண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், வாசலில் என்ன நிறக் கேட் என்று எல்லாமே சொன்னாள்.

“உள்ள எந்த செக்ஷன்? ஜெனிஃபர்னு நாலு பேர் இருப்பாங்க.”

“ஃபினிஷிங். ஜெனிஃபர் குணசேகர்னு கேக்கச் சொல்லு.”

“நம்ம தெரு டேவிட் அண்ணன் பைக் வெச்சிருக்காரு, அனுப்பறேன். போய் என்ன சொல்லணும்? அப்பா சீரியஸ்னா?”

“வேணாம். சீரியஸ்னு சொன்னா உசுரோட பாக்கப் போறோம்னு நம்பிக்கினு ஓடி வருவா. அது பெரிய பாவம். நடந்ததச் சொல்லச் சொல்லு. சொல்லிட்டு ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடுத்துட்டு ஏத்திக்கினு வரச் சொல்லு.”

“ம். விக்டோரியாம்மாவுக்கு?”

“அவங்க காதுல மட்டும் சொல்லிடு. அவங்களுக்குத் தெரியாம நடக்கக் கூடாது. அப்புறம், வீட்ல பெட்டிய மூட விடாத. டெஸ்மண்ட் கத்துவான், நீ...”

“ஆன்ட்டி, அது இங்க நடக்காது” என்றாள் சிந்து. “யாருக்காக மூடலன்னு கேட்டு சாவு வீட்ல சண்டை ஆயிடும். டேவிட் அண்ணன் போய் வர்றதுக்குள்ள ரெண்டரையும் ஆயிடும். மூடிய வெச்சு ஆணி அடிக்காம கோயிலுக்குக் கொண்டு போயிடலாம். கல்லறையில கடைசியா ஒரு தடவ திறக்கணும்னு ஃபாதர்கிட்ட நான் கேக்கறேன். பொம்மனஹள்ளியிலருந்து ஓசூர் ரோடுல வர்றவங்களுக்கு கல்லறைதான் வழியில. வீடு வரைக்கும் வந்தா டிராஃபிக்லயே போயிடும்.”

‘அப்படி வேண்டாம், நான் சொல்கிற மாதிரி செய்’ என்று வழக்கம்போல நாக்கு புரண்டது. லூர்துமேரி அதைப் பல்லுக்குள் நிறுத்தினாள்.

“நீ அங்க நிக்கற. உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்ம்மா. அவ முகம் பாத்தா போதும்.”

“ஒரு தடவ திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க” என்று சிந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சரியாக இருந்தது. இரண்டு வருடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்கச் சோறு ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை.

பிறகு காத்திருப்புதான். எழுந்து ஓட முடியாது, தையல் இழுத்தது. ஓடிப் பழகிய கால்கள் போர்வைக்குள் சும்மா கிடந்தன. செபமாலையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். விரல்களை எண்ணிச் செபிக்கப் பார்த்தாள். இரண்டாவது ‘அருள் நிறைந்த மரியே’ செபத்திலேயே நின்றுபோனது. ‘அவள் வந்து சேரட்டும்’ என்று கேட்பதற்குத் தனக்கு என்ன தகுதி? காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண் இந்நேரம் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருப்பாள். தகப்பனுக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது கூட நின்றிருப்பாள்.

ஜெயலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பிறகு தன் போனை எடுத்து, “ஏய், மேல தட்டுல மூணாவது டப்பா, நீல மூடி. உப்பு அதுல கீது. கேஸ் புக்கு பீரோ மேல. வேற இன்னா வேணும், ஒரேயடியாக் கேளு” என்றாள். வைத்துவிட்டு, தனக்கு வந்த பன்னைப் பிய்த்துப் பாதியை லூர்துமேரியின் தட்டில் வைத்தாள்.

“துண்ணு. வயித்துல ஒண்ணுமில்லாம சாமிகிட்ட இன்னா பேசுவ? அந்தப் பொண்ணு வந்துடும்.”

லூர்துமேரி அந்தப் பன்னைக் கண்ணீரோடு தின்றாள். அதற்குப் பிறகு செபம் வந்தது.

நாலு மணி தாண்டியும் போன் வரவில்லை. தானே கூப்பிடலாமா என்று பல முறை கை போயிற்று. குழியருகே நிற்கிறவளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று கையை மடக்கிக்கொண்டாள். வெளியே வெயில் சாய்ந்த பிறகுதான் போன் அடித்தது.

“வந்துட்டாங்க ஆன்ட்டி” என்றாள் சிந்து.

“பாத்தாளா?”

“பாத்தாங்க. கேட் பாஸ் குடுக்க லேட் பண்ணிட்டாங்களாம். கம்பெனி கோட்டோடவே வந்தாங்க, மேலெல்லாம் நூலு. ஃபாதர் குழிய மந்திரிச்சு முடிச்சிட்டு நின்னுட்டே இருந்தாரு. டெஸ்மண்ட் அண்ணன் பெட்டி முன்னாடி வந்து நின்னாரு. விக்டோரியாம்மா போய் ஜெனிஃபர் அக்கா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. அண்ணன் தள்ளி நின்னுட்டாரு.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு அருள் நிறைந்த மரியே சொல்ற நேரம். அவ்வளவுதான் ஆன்ட்டி. நேரமாயிடுச்சுன்னு குழிக்காரங்க அவசரப்படுத்தினாங்க.” சற்று நிறுத்தி, “நீங்க மட்டும் சொல்லலன்னா அதுவும் இல்ல. தேங்க்ஸ் ஆன்ட்டி” என்றாள்.

அந்த நன்றி லூர்துமேரியைத் தையலைவிட அதிகமாக வலிக்கச் செய்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதையே பேசினார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்தும் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டாளே என்றார்கள். பங்குத்தந்தையே பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொன்னாராம். ஒவ்வொரு பாராட்டுக்கும் அவள் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. பார்த்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெனிஃபர் வந்தாள். கையில் ஒரு பை ஆரஞ்சு. உட்காரச் சொன்னதும் நாற்காலியில் உட்காராமல் கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

“அந்த வலியிலயும் என்ன நெனச்சீங்களே அத்தை” என்றாள். “எங்கப்பா முகத்த எனக்குக் காட்டினது நீங்கதான். சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

தலையை ஆட்டிவிட்டு ஆரஞ்சை வாங்கி வைத்துக்கொண்டால் போதும். யாருக்கும் எதுவும் தெரிய வராது. லூர்துமேரி சுவரிலிருந்த குழந்தை இயேசு படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயந்தாள். ஜெனிஃபரையே பார்த்துச் சொன்னாள்.

“காலையிலயே எனக்குப் போன் வந்துச்சும்மா. உன் ஞாபகமும் வந்துச்சு. நான் சொல்லல. சிந்து மறுபடி மறுபடி கூப்பிட்டா, எடுக்கல. நான் இல்லாம அவங்க தவிக்கட்டும்னு இருந்தேன். வலியெல்லாம் ஒண்ணும் பெரிசா இல்ல.”

ஜெனிஃபர் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது.

“காலையிலன்னா... எப்போ அத்தை?”

“இட்லி சாப்பிடற நேரம்.”

“அப்பல்லாம் நான் வீட்லதான் இருந்தேன். எனக்கு அன்னைக்கு லேட் ஷிஃப்ட்டு. போன் கையிலதான் இருந்துச்சு.”

“ஆமாம்மா.”

“குளிப்பாட்டறப்போ இருந்திருப்பேன்.”

“இருந்திருப்ப.”

ஜெனிஃபர் தரையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. மன்னிப்புக் கேட்க லூர்துமேரிக்கு வாய் வரவில்லை. கேட்டால் அந்தப் பெண் ‘பரவால்ல’ என்று சொல்ல வேண்டிவரும். அதையும் அவள் தலையில் சுமத்தக் கூடாது என்று பேசாமல் இருந்தாள்.

கடைசியில் ஜெனிஃபர் எழுந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. கட்டிலின் பக்கத்து ஸ்டூலில் காலி டம்ளர் இருந்தது. அதை எடுத்துப்போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து, லூர்துமேரியின் கைக்கு எட்டும்படி வைத்தாள்.

வாசல் வரை போய்த் திரும்பி நின்றாள்.

“முப்பதாம் நாள் பூசைக்கு நானும் அவரும் வரலாமா? அம்மா வரச் சொல்றாங்க. அண்ணன் என்ன சொல்லுவாருன்னு தெரியல. அதையெல்லாம் யாரைக் கேக்கறது?”

நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போ என்று சொல்லித்தான் லூர்துமேரிக்குப் பழக்கம்.

“சிந்துவக் கேளும்மா” என்றாள். “பச்சை கேட் வீடு, மாடியில. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இருப்பா. இப்பல்லாம் அவதான் பாக்கறா. டெஸ்மண்ட்டோட எப்படிப் பேசணும்னு அவளுக்கு என்னவிட நல்லாத் தெரியும். உங்க அப்பா ஞாயித்துக்கிழமை கேப்பாரே, அது அவளுக்குத் தெரியும். அதையும் உங்க அண்ணனுக்கு அவ சொல்லட்டும்.”

“என்ன கேப்பாரு?” என்றாள் ஜெனிஃபர்.

அவளுக்கு அது தெரியாது என்பது லூர்துமேரிக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. இத்தனை வருடமாக மகளின் நலத்தை அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா கேட்டார் என்பதை மகளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. தானாக விசாரிப்பதுபோலவே விசாரித்து வந்திருக்கிறாள்.

“உள்ள வாம்மா” என்றாள். “இங்க வந்து உக்காரு. உன்கிட்ட சொல்ல வேண்டியது இன்னும் இருக்கு.”